மிருதங்க வித்வானுக்கு அமெரிக்க விசா: ‘அசாதாரணத் திறமை’ மனு என்றால் என்ன?

மயிலாப்பூரில் ஒரு மிருதங்க வித்வான் வீடு. கூடத்தில் பாய் விரித்து, அவருடைய முப்பது வருடக் கச்சேரி வாழ்க்கையை அதன் மேல் பரப்பியிருந்தார்கள். சபா அழைப்பிதழ்கள், சால்வை போர்த்துகிற படங்கள், ஓரம் மடங்கிப்போன சான்றிதழ்கள், சுவரோரமாக ஒரு டஜன் கேடயங்கள். அமெரிக்காவுக்கு மனு போடப்போகிறார். தமிழ்ப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி வந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருவது என் வேலை.

அந்தக் குவியலில் ஒரு நறுக்கு கிடைத்தது. கால் பக்கக் கட்டுரை, படத்தோடு, முழுக்க அவரைப் பற்றி மட்டும். இதுதான் வேண்டும் என்று எடுத்துப் பார்த்தால் பத்திரிகையின் பெயர் இல்லை, தேதி இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை.

“மேல இருந்ததெல்லாம் எங்க மாமி?”

“கோணலா இருந்துதுன்னு வெட்டிட்டேன். ஆல்பத்துல ஒட்டறச்சே பாக்க அழகா இருக்கணுமோல்லியோ?”

அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கலைஞரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையை ஆதாரமாகக் காட்டினால், அதன் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும் என்று அமெரிக்க விதியிலேயே எழுதியிருக்கிறது. மாமி வெட்டியதில் தலைப்பு மட்டும் தப்பியிருந்தது.

இந்த மனு என்ன, யாருக்கு, எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை முதல் தடவை கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஃபைல் தயாராகும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

மனு வேறு, விசா வேறு

முதல் குழப்பம் இங்கேதான். “விசாவுக்குப் போட்டிருக்கேன்” என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு படி. முதலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் மனு போக வேண்டும். ‘இந்த ஆள் இந்தப் பிரிவுக்குத் தகுதியானவர்’ என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல். மனு பாஸானாலும் தூதரகத்தில் மறுக்கலாம். இந்தக் கட்டுரை முதல் படியைப் பற்றியது, ஏனென்றால் கலைஞர்கள் திணறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கலைஞர்களுக்கு முக்கியமாக மூன்று கதவுகள் உண்டு. எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவதுதான் பாதிப் பிரச்சினை.

முதலாவது பி-3. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்தவோ கற்றுக்கொடுக்கவோ தற்காலிகமாக வருகிறவர்களுக்கு. அதிகபட்சம் ஒரு வருடம். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை போன்ற விழாக்களையும் கோயில் கச்சேரிகளையும் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்குப் பொருத்தமான கதவு இது. ‘நீ உன் துறையில் உச்சியில் இருக்கிறாயா?’ என்று இங்கே கேட்பதில்லை. ‘இந்தக் கலை உண்மையிலேயே அந்த மண்ணுடையதா, நீ அதைச் சரியாகச் செய்கிறவனா?’ என்றுதான் கேள்வி.

இடையில் ஒரு விஷயம். தமிழில் எழுதினால் பி-3 என்பதும் சுற்றுலா விசாவான பி-2 என்பதும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். இல்லை. பி-3இன் பி, ஆங்கிலத்தில் ஓ-வுக்கு அடுத்து வருகிற எழுத்து. சுற்றுலா விசாவின் பி, ஏ-வுக்கு அடுத்து வருவது. சுற்றுலா விசாவில் போய்ப் பணம் வாங்கிக்கொண்டு கச்சேரி செய்வது விதிமீறல். “எல்லாரும் அப்படித்தான் போறா” என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் அடுத்த எல்லா மனுவிலும் அது நிழல் மாதிரி கூடவே வரும்.

பி-3இல் ‘பண்பாட்டுக்கே உரிய’ என்பது பழைய மரபை மட்டும் குறிக்கிறதா என்று ஒரு வழக்கு வந்தது. யூதர்களின் கிளெஸ்மர் இசையை லத்தீன் அமெரிக்க இசையோடு கலந்து வாசிக்கும் அர்ஜென்டினா குழு ஒன்றுக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கர்பால் கலாசார மையம் மனு போட்டது. கலப்படமாக இருக்கிறது, எந்த ஒரு பண்பாட்டுக்கும் சொந்தமில்லை என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். 2012இல் மேல்முறையீட்டு அலுவலகம் அதை மாற்றி, கலவையும் ஒரு பண்பாட்டுக்கே உரியதாக இருக்கலாம் என்று முன்மாதிரித் தீர்ப்பு கொடுத்தது. ஃப்யூஷன் வாசிக்கிற நம் ஆட்கள் அந்த அர்ஜென்டினாக்காரர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

இரண்டாவது ஓ-1பி. இதுவும் தற்காலிகம்தான். முதலில் மூன்று வருடம் வரை கிடைக்கும், அப்புறம் ஒவ்வொரு வருடமாக நீட்டிக்கலாம். சட்டத்தில் ‘அசாதாரணத் திறமை’ என்ற சொல் இருந்தாலும், கலைக்கு அதன் பொருளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் காணக்கூடியதைவிடக் கணிசமாக உயர்ந்த நிலை, துறையில் பெயர் சொன்னால் தெரிகிற நிலை இருந்தால் போதும். சினிமா, டிவிக்காரர்களுக்கு மட்டும் அளவுகோல் இன்னும் கடினம். ஓ-1பி மனுவைக் கலைஞரே தன் பெயரில் போட முடியாது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு நிறுவனமோ ஏஜென்ட்டோ போட வேண்டும். எந்த ஊரில் எந்த நாளில் என்ன நிகழ்ச்சி என்ற பட்டியல் வேண்டும். அத்துடன் அந்தத் துறையின் தொழிற்சங்கமோ சகக் கலைஞர் அமைப்போ தரும் கருத்துக் கடிதமும் வேண்டும்.

மூன்றாவது இபி-1ஏ. இதுதான் நிரந்தரம், கிரீன் கார்டுக்கான கதவு. படிவத்தின் பெயர் ஐ-140. இதில் பெரிய வசதி, ஸ்பான்சர் தேவையில்லை, வேலை கொடுப்பவர் தேவையில்லை, கலைஞர் தனக்குத் தானே மனு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அளவுகோல் கடுமை: தன் துறையின் உச்சிக்கு ஏறிய ‘சிறு விழுக்காட்டினரில்’ ஒருவராக இருக்க வேண்டும், அந்தப் புகழ் தேசிய அளவிலோ உலக அளவிலோ தொடர்ந்து நிற்க வேண்டும். ஓ-1பி கிடைத்துவிட்டது, ஆகவே இதுவும் கிடைக்கும் என்று நினைத்துப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ‘அசாதாரணத் திறமை’ என்ற அதே சொல் இரண்டு இடத்திலும் வருகிறது. பொருள் ஒன்றில்லை.

நாங்கள் பாயில் பரப்பியிருந்தது இந்த மூன்றாவது கதவுக்காக.

ஒரு பழைய கதை

இந்தப் பிரிவு இன்றைய வடிவத்தில் 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது. ஓ, பி இரண்டும் அதே சட்டத்தின் குழந்தைகள். ஆனால் சிறந்த கலைஞருக்குத் தனி வரிசை என்ற யோசனை அதற்கு முன்பே உண்டு. அதன் மிகப் பிரபலமான மனுதாரர் ஜான் லெனன்.

பீட்டில்ஸ் பிரிந்த பிறகு 1971இல் லெனனும் யோகோ ஓனோவும் அமெரிக்கா வந்தார்கள். வியட்நாம் போருக்கு எதிராக அவர் பேசியதும் பாடியதும் நிக்ஸன் அரசுக்குப் பிடிக்கவில்லை. 1968இல் லண்டனில் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றதைக் காரணம் காட்டி 1972இல் நாடுகடத்தும் வேலையைத் தொடங்கினார்கள். அவருடைய வக்கீல் லியோன் வைல்ட்ஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இருவரும் கலையில் தனித்திறன் உள்ளவர்கள் என்று மனு போட்டது. ஜான் லெனனுக்குக் கலைத் திறமை உண்டு என்று காகிதம் சேர்த்து, பாப் டிலன் போன்றவர்களிடம் கடிதம் வாங்கி, அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது! 1975 அக்டோபரில் நீதிமன்றம் நாடுகடத்தும் ஆணையை ரத்து செய்தது. 1976 ஜூலையில் கிரீன் கார்டு கைக்கு வந்தது.

லெனனுக்கே கடிதம் தேவைப்பட்டது என்று நான் சொன்னபோது வித்வான் முதல் முறையாகச் சிரித்தார். அதுவரை அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது: “வாசிச்சுக் காட்றேன்னா கேக்க மாட்டாளா?”

மாட்டார்கள். இந்த மனுவில் யாரும் யாருடைய வாசிப்பையும் கேட்டுத் தீர்ப்பு சொல்வதில்லை. ஃபைலைப் படிக்கும் அதிகாரி டெக்சாஸிலோ நெப்ராஸ்காவிலோ உட்கார்ந்திருப்பார். ஆதி தாளம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்கு முன்னால் அடுத்த ஃபைல் ஒரு வேதியியல் விஞ்ஞானியுடையது, அதற்கடுத்தது ஒரு ஸ்கேட்டிங் வீரருடையது. ‘திறமை’ என்று பிரிவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் அளப்பது, உங்களைப் பற்றி உங்கள் துறை என்ன சொல்லியிருக்கிறது, அது காகிதத்தில் இருக்கிறதா என்பதைத்தான்.

பத்தில் மூன்று

கிராமி மாதிரி உலகமே அறிந்த பெரிய விருது ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். 2024 பிப்ரவரியில் சக்தி குழுவுக்குக் கிராமி கிடைத்தபோது அதில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷும் ஒருவர். அப்படி எத்தனை பேர்? மற்றவர்களுக்குச் சட்டம் பத்து வகை ஆதாரங்களைச் சொல்கிறது. அதில் குறைந்தது மூன்று வேண்டும்.

பத்தையும் நான் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதியிருப்பது ஒன்று. கச்சேரிக்காரர்களில் சிலருக்கே அது பொருந்தும். கண்காட்சியில் படைப்பைக் காட்சிக்கு வைத்திருப்பது இன்னொன்று; அதை ஓவியர், சிற்பி போன்றவர்களுக்கானது என்று அதிகாரிகள் படிப்பது வழக்கம், மேடைக் கச்சேரியை அதில் நுழைக்கப் பார்த்தால் வாதாட வேண்டியிருக்கும். சாதனையாளர்களை மட்டும் சேர்க்கும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது ஒன்று. சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளும் சங்கம் எதுவும் அதில் சேராது. மிச்சம் இருப்பதில்தான் நம் கலைஞர்களின் கதை இருக்கிறது.

விருதுகள். தேசிய அளவிலோ உலக அளவிலோ மதிக்கப்படும் விருதாக இருக்க வேண்டும். சங்கீத நாடக அகாடமி விருது, இளைஞர்களுக்கு அதே அகாடமி தரும் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் இவற்றை விளக்குவது எளிது: யார் தருகிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கெல்லாம் எழுத்து இருக்கிறது. கலைமாமணி மாநில அரசின் விருது என்பதால், அதன் மதிப்பு மாநில எல்லையைத் தாண்டியது என்று கூடுதலாகக் காட்ட வேண்டும். ஊர்ச் சங்கம் கொடுத்த ‘லய சக்கரவர்த்தி’ பட்டத்தை என்ன செய்வது? வித்வானிடம் அப்படி ஒன்பது பட்டங்கள் இருந்தன. வக்கீல் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பலவீனமான ஆதாரம் பலமானதையும் சேர்த்துக் கீழே இழுக்கும் என்றார், எனக்கும் அது சரியாகவே பட்டது.

இதைவிட மோசம் காசு கொடுத்து வாங்கும் விருதுகள். கௌரவ டாக்டர் பட்டத்துக்கு என்ன ரேட் என்று சென்னையில் விசாரித்தால் மாலைக்குள் மூன்று பேர் போன் செய்வார்கள். இப்போது அதே கடையில் ‘சர்வதேச விருது’, ‘வெளிநாட்டுப் பத்திரிகையில் பேட்டி’ எல்லாம் பேக்கேஜாகக் கிடைக்கிறது. குடியேற்றத் துறைக்கும் இந்தக் கடைகள் தெரியும். பொய் ஆதாரம் என்று தீர்மானமானால் மனு போவது மட்டும் இல்லை, மோசடி செய்தவர் என்று நிரந்தரத் தடையே வரலாம்.

அப்புறம் பத்திரிகைக் கட்டுரை. பெரிய பத்திரிகையில் வர வேண்டும், அவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். இங்கேதான் பக்கவாத்தியக்காரர்களுக்கு அடி விழுகிறது. விமர்சனத்தில் பாடகரைப் பற்றி நான்கு பத்தி இருக்கும். கடைசியில் “மிருதங்கத்தில் இன்னார் அனுசரணையாக வாசித்தார்” என்று ஒரு வரி. பாயில் இருந்த நறுக்குகளில் முக்கால்வாசி இந்த ரகம். இருபத்தேழு நறுக்குகளில் அவரை மட்டும் பற்றிப் பேசியவை மூன்று. அந்த மூன்றில் ஒன்றைத்தான் மாமி அழகுபடுத்தியிருந்தார்.

மொழிபெயர்ப்புக்கும் ஒரு விதி உண்டு. முழுமையாக, பிழையின்றி மொழிபெயர்த்திருக்கிறேன், இரண்டு மொழியும் எனக்குத் தெரியும் என்று மொழிபெயர்ப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. ஆனால் ‘தனி ஆவர்த்தனத்தில் லயப் பிரளயமே நிகழ்த்தினார்’ என்று எழுதியிருந்தால் அதை என்ன செய்வது? பிரளயம் என்று அப்படியே போட்டால் டெக்சாஸ் அதிகாரி ஏதோ வெள்ளம் என்று நினைப்பார். நான் அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, தனி ஆவர்த்தனம் என்பது பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு மேடையைத் தாள வாத்தியத்திடம் விட்டுக்கொடுக்கும் பகுதி என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கடைசியில் அந்தக் குறிப்புதான் மனுவின் இன்னொரு தூணுக்கு உதவியது.

அந்தத் தூண், புகழ்பெற்ற அமைப்பில் முன்னணிப் பாத்திரமோ முக்கியப் பாத்திரமோ வகித்தது. சபா நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில், மிருதங்கம் பொடி எழுத்தில். படிக்கிற அமெரிக்கருக்கு ‘துணைக்கு வந்தவர்’ என்றுதான் தோன்றும். மூன்று மணி நேரக் கச்சேரி இந்தத் தாள வாத்தியத்தின் மேல்தான் நிற்கிறது, தனி ஆவர்த்தனத்தில் அவரே தலைவர், டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரியிலிருந்து மாலைப் பிரதானக் கச்சேரிக்கு ஏற ஒரு வாத்தியக்காரருக்குப் பல வருடங்கள் ஆகும் என்பதையெல்லாம் எழுதி, சபாக்களின் வரலாற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அகில இந்திய வானொலியின் ‘ஏ-டாப்’ தரமும் அப்படித்தான். நமக்கு அந்த ஒரு சொல் போதும், ஆளை எடைபோட்டுவிடுவோம். அங்கே அது வெறும் எழுத்து. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று படிகள் உண்டு, மேல்படிக்கு ஏறத் தேர்வுக் குழு கேட்டு முடிவு செய்யும் என்று விளக்கிய பிறகுதான் அது ஆதாரமாகிறது.

நடுவராக இருந்தது இன்னொரு வகை. மற்றவர்களின் கலையை மதிப்பிட அழைக்கப்பட்டிருக்க வேண்டும். தன் சொந்த மாணவர்களுக்கு மார்க் போட்டது கணக்கில் வராது. அழைப்புக் கடிதம் மட்டும் போதாது, உண்மையிலேயே போய் நடுவராக உட்கார்ந்ததற்கும் சான்று வேண்டும்.

சம்பளம் என்ற வகையைப் பார்த்ததும் வித்வான் கையை விரித்துவிட்டார். சபாவில் சன்மானம் எப்படி வரும்? தட்டில் தாம்பூலம், அதன் மேல் ஒரு கவர், கவரில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கும். ரசீது? துறையில் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய இடத்தில் தாம்பூலக் கவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்த இளைஞர்களுக்கு இதில் வாய்ப்பு உண்டு. கலைஞர்களுக்கென்றே வைத்திருக்கும் ‘வணிக வெற்றி’ என்ற வகையும் இதே மாதிரி: டிக்கெட் வசூல், இசைத்தட்டு விற்பனை. விதியில் இன்னும் ‘கேசட்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது, பார்க்கவே ஆசையாக இருந்தது. யூடியூபில் லட்சம் பேர் பார்த்தது தானாக விற்பனைக் கணக்கு ஆகிவிடாது. சொல்லப்பட்ட வகை தன் தொழிலுக்குச் சரியாகப் பொருந்தாதபோது அதற்கு ஈடான வேறு ஆதாரம் காட்டலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஏன் பொருந்தவில்லை, இது எப்படி ஈடாகும் என்று இரண்டையும் சொன்னால்தான் அது செல்லும்.

ஆசீர்வாதக் கடிதம்

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில்தான் நம் பழக்கமும் அவர்கள் எதிர்பார்ப்பும் மோதிக்கொள்கின்றன. பெரிய வித்வான்களிடம் கடிதம் கேட்டால் மனமுவந்து எழுதித் தருவார்கள். “சிரஞ்சீவி இன்னார் எனக்குச் சிறு வயது முதல் தெரியும். நல்ல குணம், குருபக்தி, தெய்வபக்தி உடையவர். இவர் மேன்மேலும் வளர வாழ்த்தி ஆசீர்வதிக்கிறேன்.” இது கடிதம் இல்லை, அட்சதை.

எது வேலை செய்யும்? இவர் என்ன புதிதாகச் செய்தார், அதனால் துறையில் என்ன மாறியது என்பது. எங்கள் வித்வான் கடினமான ஒரு நடையைச் சொற்கட்டுகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அதை வேறு குருகுலத்துப் பிள்ளைகளும் பின்பற்றுகிறார்கள். இதை அவரே ஒரு சாதனையாக நினைத்ததில்லை, பேச்சுவாக்கில் வந்தது. வேறு பாணியைச் சேர்ந்த மூத்த வித்வான் ஒருவர், “என் மாணவர்களும் இதைத்தான் வாசிக்கிறார்கள், 6 வருடமாக நானே இதைக் கற்றுத் தருகிறேன்” என்று எழுதிக் கொடுத்தார். சொந்த குரு எழுதியிருந்தால் இதன் எடை பாதிதான். அசல் பங்களிப்பு என்ற வகைக்கு அந்த ஒரு கடிதம் மற்ற ஐந்து கடிதங்களைவிட அதிகம் பயன்பட்டது. ஆனால் கடிதம் மட்டுமே இருந்தால் போதாது. கடிதம் சொல்வதைத் தாங்கும் வேறு காகிதமும் வேண்டும்.

மூன்று கிடைத்தால் முடிந்ததா?

இல்லை. போகோஸ் கசாரியன் என்ற இயற்பியலாளர் தொடுத்த வழக்கில் 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வைத்து, குடியேற்றத் துறை இரண்டு கட்டமாகப் பார்க்கத் தொடங்கியது. முதலில் எண்ணிக்கை: மூன்று வகைக்கும் காகிதம் இருக்கிறதா? அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, இவர் உண்மையிலேயே அந்த உச்சிச் சிறு கூட்டத்தில் ஒருவரா என்று பார்ப்பது. கசாரியனுக்கு இரண்டு வகைதான் தேறியது, அவர் தோற்றுவிட்டார். அவர் பெயர் மட்டும் இன்று எல்லா மனுவிலும் வாழ்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் நடுவராக இருந்தது முதல் கட்டத்தில் டிக் வாங்கினாலும் வாங்கும். இரண்டாம் கட்டத்தில் அது நிற்காது.

இன்னொரு பள்ளம், பலர் கவனிக்காதது. எந்தக் கலையில் புகழ் பெற்றீர்களோ அதே வேலையைத்தான் அமெரிக்காவிலும் தொடர வேண்டும். கொரியாவில் பெயர்பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவர் அமெரிக்காவில் பயிற்சியாளராக இந்தப் பிரிவில் கேட்டார். ஆடுவது வேறு திறமை, பயிற்றுவிப்பது வேறு என்று மறுத்தது சரிதான் என 2002இல் இல்லினாய்ஸ் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. பரதநாட்டியக் கலைஞர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ நாட்டியப் பள்ளி திறப்பதுதான் பெரும்பாலானோரின் உண்மையான திட்டம். ஆடியதற்கான ஆதாரங்களை மட்டும் கொடுத்துவிட்டுப் பள்ளி நடத்தப்போகிறேன் என்று எழுதினால் அதிகாரி அந்த கொரியக்காரரை நினைத்துக்கொள்வார். கற்பிப்பதிலும் பெயர் உண்டு என்று காட்டினால் இரண்டையும் சேர்த்து எடைபோட இடமிருக்கிறது. எங்கள் வித்வானின் திட்டத்தில் கச்சேரிதான் முதல், அமெரிக்க சபாக்களிலிருந்து வந்த அழைப்புகளை இணைத்திருந்தார், வகுப்பு பிற்பாடு.

ஆதாரம் போதவில்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால் கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வரும். பதில் சொல்ல அதிகபட்சம் 12 வாரம். அதைப் பார்த்ததும் மறுத்துவிட்டார்கள் என்று பயந்து அழுத வீடுகள் எனக்குத் தெரியும். அது மறுப்பு இல்லை, எங்கே ஓட்டை என்று அவர்களே எழுதிக் காட்டுகிறார்கள்.

காசும் காத்திருப்பும்

2024 ஏப்ரல் 1 முதல் ஐ-140க்கு 715 டாலர். தனக்குத் தானே மனு போடுகிறவர் அதற்கு மேல் புகலிடத் திட்டக் கட்டணம் என்று 300 டாலர் கட்ட வேண்டும். சீக்கிரம் முடிவு வேண்டுமானால் இன்னும் கிட்டத்தட்ட 3,000 டாலர், 15 வேலை நாட்களில் ஏதாவது ஒரு பதில் வரும். பதில் என்பது நோட்டீஸாகவும் இருக்கலாம். வக்கீல் கட்டணம் தனி, அதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

மனு பாஸான பிறகும் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை உண்டு. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இருப்பதால், இபி-1 பிரிவிலும் தேக்கம். 2025இல் பல மாதங்கள் இந்தியாவுக்கான தேதி 2022 பிப்ரவரி 15லேயே நின்றது. அதாவது மூன்று வருடத்துக்கு முந்தைய மனுக்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு நாதஸ்வர வித்வானும் தஞ்சாவூரில் பிறந்தவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி மனு போட்டால், இலங்கைக்காரருக்கு இந்த வரிசையே இருந்திருக்காது. கணவன் மனைவியில் ஒருவர் தேக்கமில்லாத நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் இருவரும் போகலாம்.

2025 செப்டம்பரில் டிரம்ப் போட்ட ஆணையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசுக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை தருகிறவருக்கு, அந்த நன்கொடையையே இதே பிரிவில் தொழில்திறமைக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ‘கோல்ட் கார்டு’ திட்டம். வித்வானிடம் சொன்னேன். தாம்பூலக் கவரைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்.

சரி, அந்த நறுக்கு. அதன் பின்பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் பாதி இருந்தது: ‘தீபாவளிக்கு இன்னும் 11 நாட்களே!’. கட்டுரை நவராத்திரிக் கச்சேரியைப் பற்றியது, ஆகவே பொருந்தியது. எந்த வருடம் என்று மட்டும் தெரியவில்லை. பெண்ணைப் பள்ளியில் சேர்த்த வருடம் என்றார் மாமி, அதற்கு அடுத்த வருடம் என்றார் வித்வான். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். இரண்டு வருடங்கள், மூன்று நாளிதழ்கள், ஒவ்வொன்றிலும் தீபாவளிக்கு 11 நாள் முந்தைய இதழ். ஐந்தாவது இதழில், உள்பக்கத்தில், அந்த ஜவுளிக்கடை முழுசாகச் சிரித்தது. திருப்பினால் கட்டுரை. பெயர் கிடைத்தது, தேதி கிடைத்தது, மாமி சொன்னதுதான் சரியான வருடம்.

கட்டுரையின் கடைசி வரிக்குக் கீழே, மாமியின் கத்தரிக்கோல் போன இடத்தில், எழுதியவர் பெயரும் இருந்தது: ‘நமது நிருபர்’.